தீர்ப்பின் நகலும் அப்பீலும்

தென்னாப்பிரிக்காவில் ஓர் ஆராய்ச்சியாளரின் தகுதியை ஓர் எழுத்தால் குறிக்கும் வழக்கம் நாற்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. வெள்ளையர் ஆதிக்க சர்க்கார் 1984ல் இயற்கை விஞ்ஞானிகளையும் இஞ்சினீயர்களையும் உத்தேசித்து ஆரம்பித்த முறை இது. அவ்வாதிக்கம் 1994ல் ஒழிந்தது, முறை ஒழியவில்லை. 1998ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட தேசிய ஆராய்ச்சி ஸ்தாபனம் அதைச் சுவீகரித்துக் கொண்டது. 2002 முதல் சரித்திரம், சட்டம், பாஷை முதலிய துறைகளில் உழைப்போரும் அத்தராசில் ஏற்றப்பட்டனர். பழைய சர்க்கார் செய்த தராசு என்பதற்காகவே அதை உடைத்தெறிய வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. தராசு கோணலென்று கருதுவோனுக்கு முறையிட வழி என்ன என்பதே நமது கேள்வி.

முறையை முதலில் கூறுவோம். விண்ணப்பம் செய்வது அவரவர் இஷ்டம். சென்ற எட்டு ஆண்டுகளில் தாம் செய்த வேலையைத் தொகுத்து, தாம் ஊழியம் பார்க்கும் சர்வகலாசாலையின் மூலம் அனுப்ப வேண்டும். தம் வேலையை நிதானிக்கத்தக்க அறிஞர்களின் பெயர்களைக் குறிப்பிடலாம்; இன்னாரிடம் அனுப்பலாகாதென்று ஆட்சேபிக்கவும் இடமுண்டு. அந்தந்தத் துறைக்குரிய கமிட்டி, அப்பெயர்களிலிருந்தும் அவற்றுக்கு வெளியேயிருந்தும் பரிசீலகர்களைத் தெரிந்தெடுத்து அபிப்பிராயம் கேட்கிறது. இவர்களில் அந்நிய தேசத்தாரும் உண்டு. பிறகு கமிட்டியும், கமிட்டிக்குப் புறம்பான மதிப்பீட்டாளர் ஒருவரும் கலந்து எழுத்தை நிர்ணயிக்கின்றனர். தம் துறையில் உலகத்தின் முன்னணியில் நிற்பவர் ‘ஏ’. தேசாந்தரங்களில் கணிசமான கீர்த்தி பெற்றவர் ‘பி’. நிலைபெற்ற உழைப்பாளி ‘ஸி’. வாலிபர்களுக்கு வேறு இரண்டு வகுப்புகள் உள. ‘ஏ’ வகுப்புக்குச் சிபாரிசு செய்யப்படுவோரின் விஷயம் மேற்கமிட்டிக்குச் செல்லும். முடிவினால் மனக்குறை ஏற்படின், அப்பீல் கமிட்டி ஒன்றும் இருக்கிறது.

ஓர் எழுத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நேயர்கள் நினைக்கலாம். ஆராய்ச்சி மானியத்தைப் பங்கிட உதவியாக ஏற்பட்ட எழுத்து, நாளடைவில் உத்தியோக விளம்பரங்களிலும் பதவி உயர்விலும் புகுந்துவிட்டது. ‘பி’யிலிருந்து ‘ஸி’க்கு இறங்கிய பேராசிரியர் தம் சகாக்களின் முகத்தில் விழிக்கவே கூசுவார். மனிதனுடைய ஜீவனத்தையும் மானத்தையும் தொடும் தீர்மானம், அதற்கு என்ன பெயரிட்டாலும், தீர்ப்பேயாகும்.

அப்பீல் என்று ஒன்று இருப்பதை நாம் அற்பமாக எண்ணவில்லை. இங்கிலாந்தில் 1986 முதல் நடந்துவரும் ஆராய்ச்சி மதிப்பீட்டில் தனி மனிதர்களுக்கன்று, இலாகாக்களுக்கே தரம் இடுகிறார்கள். 1992ல் லண்டன் பல் வைத்திய ஆராய்ச்சிக் கழகத்துக்கு இரண்டாந்தரம் கிடைத்தது. அதனால் அதற்கு நஷ்டமான மானியம் சுமார் 270,000 பவுன். காரணமாவது சொல்லுங்கள் என்று அக்கழகத்தார் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். அறிஞர்கள் தம் புலமையைக் கொண்டு செய்த நிதானத்துக்குக் காரணம் கூறும் கடமை இல்லையென்று 1993ல் தீர்ப்பாயிற்று. புலமை விஷயத்தில் நியாயாதிபதிகள் தலையிடத் தயங்கியது நமக்கு விளங்குகிறது. காரணமே கூற வேண்டாமென்றது நமக்கு இன்றும் விளங்கவில்லை. தலையிடுவது வேறு, காரணத்தைக் கேட்டுச் சொல்வது வேறன்றோ?

தென்னாப்பிரிக்கர்கள் தங்கள் 1996ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவில், நிர்வாகச் செய்கையால் உரிமை பாதிக்கப்பட்டவர் எவரும் எழுத்து மூலம் காரணம் பெறலாமென்று விதித்துக் கொண்டவர்கள். 2000ஆம் வருஷத்துச் சட்டம் இதற்குக் கெடுவும் வைத்தது. 90 தினங்களுக்குள் கேட்க வேண்டும். கேட்டபின் 90 தினங்களுக்குள் கொடுக்க வேண்டும். கொடாவிடில், மாறான ருஜு இல்லாதவரை, தக்க காரணமின்றியே அச்செய்கை நடந்ததாகக் கொள்ளப்படும். சட்டத்தால் பிறந்த ஆராய்ச்சி ஸ்தாபனம் இவ்விதிக்கு விலக்கானதென்று வாதிப்பது எளிதன்று என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் விண்ணப்பதாரருக்குக் கிடைப்பது, பரிசீலகர்களின் பெயரை மறைத்து எடுத்துத் தரப்படும் சில பகுதிகளே. பெயரை மறைப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. சிறிய தேசம், ஒரு துறையில் பத்துப் பேர் இருந்தால் அதிகம், பெயர் வெளிப்படின் எவரும் மெய் பேசார். பெயரை மறைத்த கையால் கருத்தையும் குறைப்பது ஏன்? நம் கோர்ட்டுகளில் தீர்ப்பின் நகல் இல்லாமல் அப்பீல் தாக்கல் செய்யப் போனால் குமாஸ்தாவே மனுவைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். அங்கோ நகலின் துண்டுகளை வைத்துக்கொண்டு அப்பீல் எழுத வேண்டியிருக்கிறது. அதுவும் சர்வகலாசாலையின் வழியாகவே போக வேண்டும். எஜமானருடன் மனஸ்தாபமுள்ள ஆசிரியரின் கதி என்னவென்று கேட்கிறோம்.

அப்பீலுக்கே எட்டாத விஷயமும் ஒன்றுண்டு. மேல் வகுப்புகளுக்கு அளவுகோல் தேசாந்தரக் கீர்த்தி. அணுவையும் நட்சத்திரத்தையும் ஆராய்வோருக்கு அது பொருந்தும். கேப்டவுனில் தெரியும் நட்சத்திரத்தைப் பற்றிக் கேம்பிரிட்ஜில் உள்ளவரும் அபிப்பிராயம் கூறலாம். ஜூலு பாஷையின் இலக்கணத்தை ஜூலு பாஷையிலேயே எழுதுபவரை, வெண்டா கிராமங்களின் நிலவுரிமை வழக்கத்தைத் திரட்டுபவரை, லண்டனில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அதே 1996ஆம் வருஷத்து அரசியல் சட்டம் ஆங்கிலத்துக்கும் ஆப்பிரிக்கான்ஸுக்கும் சமமாக ஒன்பது ஆப்பிரிக்க பாஷைகளுக்கு ராஜாங்க அந்தஸ்து அளித்தது. அவற்றில் ஒன்றில் வாழ்நாள் முழுதும் உழைத்தவர் ‘ஸி’ பெற்று அப்பீல் செய்தால், அப்பீல் கமிட்டியார் அவருடைய பரிசீலகர்கள் தவறினார்களா என்று பார்ப்பார்கள். பரிசீலகர்கள் தவறியிரார், தங்களிடம் தந்த அளவுகோலால் ஒழுங்காகவே அளந்திருப்பார்கள். அளவுகோலை மாற்றும் அதிகாரம் அக்கமிட்டியாருக்கு இல்லை.