‘வலு சுகம்’ எண்டு சொல்லாதேங்கோ

“வீட்டிலேயே பெரிய தொடுதிரை செய்யலாம், வலு சுகம்!” இப்பிடித் தலைப்புப் போட்ட காணொளிகளை நீங்களும் பாத்திருப்பீங்கள். பத்து நிமிசத்தில ஒரு சட்டம், கொஞ்ச எல்.ஈ.டி, கடைசியில விரலுக்குப் பின்னால ஓடுற கோடு. நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள், மின்னணுவியல் எங்கட பாடம் இல்லை. ஆனா எண்ணிப் பாக்க எங்களுக்கும் தெரியும். எண்ணிப் பாத்தால் அந்தச் ‘சுகம்’ பச்சைப் பொய்.

அகச்சிவப்புத் தொடுதிரையின் தத்துவம் எளிமையானதுதான். சட்டத்தின் இரண்டு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடும் எல்.ஈ.டிகள், எதிர்ப்பக்கங்களில் அதை வாங்கும் உணரிகள். விரல் வைத்தால் குறுக்கே ஒரு கதிரும் நெடுக்கே ஒரு கதிரும் மறைபடும். அவை சந்திப்பதுதான் தொட்ட இடம். 1972இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ 4 கணினி முனையங்களிலேயே இது வந்துவிட்டது. ஆனால் அதில் இருந்தது வெறும் 16க்கு 16 கட்டம். விடையைத் தொட்டுக் காட்ட அது காணும்.

பெரிய திரைக்குக் காணாது. 1 மீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் உயரம், கதிர்களுக்கிடையே 5 மில்லிமீற்றர் எண்டு வையுங்கோ. 200 சோடியும் 120 சோடியும் சேர்ந்து 640 பாகம். ஒவ்வொண்டுக்கும் இரண்டு கால், ஆக 1280 இடத்தில சோல்டர். ஒரு எல்.ஈ.டி 1 பாகை சரிஞ்சால் மீற்றருக்கு அப்பால் கதிரின் நடு 17 மில்லிமீற்றர் விலகிப் போகும், அதாவது மூன்று உணரி தள்ளி. தூரம் இரட்டித்தால் வந்து சேரும் ஒளி காற்பங்கு. அர்டுயினோ ஊனோ வழமையாக ஒரு உணரியை வாசிக்க 100 மைக்ரோசெக்கன் எடுக்கும். 320 சோடியை ஒருக்காச் சுத்தி வர 32 மில்லிசெக்கன். செக்கனுக்கு ஒரு மீற்றர் போற விரல் அதுக்குள்ள 3 சென்ரிமீற்றர் ஓடியிருக்கும். யன்னலால வாற வெயிலிலயும் அகச்சிவப்பு இருக்கு, அது உணரியைக் குருடாக்கும். இரண்டு விரல் வைத்தால் நாலு சந்திகள் தெரியும், அதில் இரண்டு பொய்.

இதையெல்லாம் மறைச்சு ‘சுகம்’ எண்டு சொன்னால் என்ன நடக்கும்? செய்து பாத்த பிள்ளையின் திரை வேலை செய்யாது. சுகமான வேலையே சரிவரேல்லை எண்டால் பிழை தன்னிலதான் எண்டு அது நினைக்கும். பௌதிகத்தின் கஷ்டம் பிள்ளையின் மூளைக் குறையாக மாறிவிடும். ‘உது உனக்குரிய வேலை இல்லை’ எண்டு கேட்டுக் கேட்டு வளர்ந்த கலைப்பிரிவுப் பிள்ளைக்கு அந்த வசனம் உண்மை எண்டே படும். கதவைத் திறக்கிறம் எண்டு சொல்லிக்கொண்டு பூட்டுறது இதுதான்.

உண்மையைச் சொன்னால் ஆக்கள் பயந்து ஓடிவிடுவினம் எண்டு சிலர் சொல்லுவினம். நாங்கள் அப்பிடி நினைக்கேல்லை. 1280 சோல்டர் எண்டு முதலே தெரிஞ்சால் நாலு பேரைச் சேர்க்கலாம், ஒரு மாதம் ஒதுக்கலாம், முதலில் 16க்கு 16இல தொடங்கலாம். வெயில் பிரச்சினை எண்டு தெரிஞ்சால் யன்னலுக்குத் திரை போடலாம். கஷ்டத்துக்குத் திட்டம் போட ஏலும். பொய்க்கு என்ன திட்டம் போடுறது?

அதால செய்து காட்டுறவையிட்ட நாங்கள் கேக்கிறது இதுதான்: எத்தனை பாகம், எத்தனை நாள், எங்க பிழைச்சது, எத்தினை தரம் கழட்டிப் பூட்டினீங்கள் எண்டதையும் சேர்த்துக் காட்டுங்கோ.