செவ்வாய் வீடும் நம் வீடும்

எட்டாவது படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் செவ்வாய் கிரகம் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொன்னார்கள். "நீ படிச்சுச் சொல்லும்மா, நான் எழுதிக்கறேன்" என்றான். நான் பிளஸ் டூவோடு நின்றவள். ஏனோதானோவென்று ஆரம்பித்தவள், அடுப்பில் குழம்பு இருப்பதையே மறந்து படித்தேன்.

செவ்வாய்க்கு மனிதர்களை அனுப்புவதற்கு முன்னால், பூமியிலேயே அதே மாதிரி ஒரு வீடு கட்டி, அதற்குள் ஆட்களை இருக்கச் சொல்லிப் பார்க்கிறார்களாம். நம் நாட்டில் லடாக்கில், 4,500 மீட்டருக்கும் மேலே சோ கர் ஏரிப் பக்கம் 'ஹோப்' என்று ஒன்று அமைத்திருக்கிறார்கள். 2025 ஜூலை 31-ல் அதைத் திறந்து வைத்தவர் இஸ்ரோ தலைவர் வி.நாராயணன், நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்! எட்டு மீட்டர் அகலத்தில் ஒரு கூடாரம், பக்கத்தில் ஐந்து மீட்டரில் இன்னொன்று. அதற்குள்ளேயே சமையல், தூக்கம், செடி வளர்ப்பு எல்லாம். இரண்டு பேர் பத்து நாள் இருந்தார்கள்.

அமெரிக்காவில் நாசா செய்தது இதைவிடப் பெரிது. ஹூஸ்டனில் 1,700 சதுர அடி வீட்டுக்குள் இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். 2023 ஜூன் 25-ல் உள்ளே போனவர்கள் 378 நாள் கழித்து, 2024 ஜூலை 6-ல்தான் வெளியே வந்தார்கள். வெளியே ஒரு சேதி சொன்னால் போய்ச் சேரவே 22 நிமிஷம் ஆகுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் காலையில் கேட்டதற்கு ராத்திரிதானே பதில் வரும்!

ஆனால் அடுத்துப் படித்ததில் சிரிப்பு நின்றுவிட்டது. மாஸ்கோவில் 2010 ஜூனிலிருந்து 2011 நவம்பர் வரை ஆறு ஆண்கள் 520 நாள் இப்படி இருந்திருக்கிறார்கள். எல்லாரும் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்த ஆட்கள். நாள் ஆக ஆக அவர்கள் நடமாடுவது குறைந்து, படுத்திருக்கும் நேரம் கூடியதாம். பெரும்பாலானவர்களுக்குத் தூக்கம் கெட்டதாம், இல்லை கவனம் குறைந்ததாம்.

தோழிகளே, போன வருஷம் என் மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பதினோரு மாதம் படுக்கையில் இருந்தார். ஒரே ஒரு ரூம் வீடு. கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. நான் வாசல் தாண்டியது ரேஷன் கடைக்கும் மருந்துக் கடைக்கும்தான். மாமியாரைக் குறை சொல்லவில்லை. பாவம், அவரும் என்னோடு அடைபட்டவர்தானே. ஆறாவது மாதத்துக்கு மேல் எனக்கு ராத்திரித் தூக்கம் போனது. பகலில் எழுந்திருக்கவே மனசு வராது. தலைகூட வாராமல் இருப்பேன். டாக்டரிடம் போனால், "வீட்ல சும்மாதானே இருக்கீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். சொந்தக்காரர்களோ "சோம்பேறி ஆயிட்டா" என்றார்கள். நானும் அப்படித்தான் என்று நம்பி, என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த ஆறு பேரை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. அடைபட்டு இருந்தால் மனுஷ உடம்பும் மனசும் இப்படித்தான் ஆகும் என்று எழுதி வைத்தார்கள். அவர்கள் எப்படித் தூங்கினார்கள், எவ்வளவு நடந்தார்கள் என்று ஒவ்வொன்றையும் அளந்து குறித்தார்கள். நம்மை யாராவது "ராத்திரி தூங்கினியா?" என்றாவது கேட்டதுண்டா?

ஆராய்ச்சி வீண் செலவு என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் செய்யட்டும். "அவங்க நாட்டுக்காக இருக்காங்க, நீ உன் வீட்டுக்குத்தானே செய்யறே?" என்று சிலர் கேட்கலாம். வேலை வேறாக இருக்கலாம், நாலு சுவர் ஒன்றுதானே! அவர்களுக்காவது வெளியே வரும் தேதி முன்னாலேயே தெரியும். படுத்த நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு எந்தத் தேதி தெரியும்?

மகன் எழுதிய கட்டுரையை அவன் அப்பாவிடம் படித்துக் காட்டச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், "நீ கொஞ்சம் வெளிய போயிட்டு வா, அம்மாவை நான் பாத்துக்கறேன்" என்றார். இப்போது வாரா வாரம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். வாக்கர் பிடித்து நடக்கும் மாமியாருக்கும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டுவிடுகிறோம். போகிற வருகிறவர்களோடு பேசி அவர் முகமும் தெளிந்திருக்கிறது.

நோயாளியையோ கைக்குழந்தையையோ பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடக்கும் பெண் உங்கள் குடும்பத்தில் இருந்தால், வாரத்தில் இரண்டு மணி நேரமாவது அந்த வேலையை வேறு யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள். அவள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேட்கவே தெம்பில்லாமல் போவதுதான் அந்த வியாதி.

- ஒரு வாசகி, ஆவடி.