துளிக்கு என்ன பெயர்?

நூல் என்னும் சொல் தமிழில் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். தறியோசை ஓயாத சோமனூரில் இதை விளக்க உரையாசிரியர் தேவையில்லை. டி.என்.ஏ. குறித்துத் தமிழில் எழுதுவோர் இவ்விரு பொருளையும் மனத்திற் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நம் உடலில் டி.என்.ஏ. ஓர் ஏடு. புரதங்களை ஆக்குவதற்கான செய்தி அதில் எழுதப்பட்டிருக்கிறது. செயற்கை உயிரணுவை நோக்கிய சில ஆய்வுகளிலோ அது வெறும் இழை. யுசுகே சாட்டோ, மசாஹிரோ தகினூவே முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. மூன்று இழைகள் பின்னி முக்கிளை வடிவம் கொள்கின்றன. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒட்டும் முனை உண்டு. வெப்பம் மிகுந்தால் இவ்வடிவங்கள் தனித்தனியே திரியும். தணிந்தால் கூடித் துளியாகும். மேலும் தணிந்தால் கூழ்போல் இறுகும். முனைகளின் வரிசை பொருந்தினால் துளிகள் ஒன்றாகும், பொருந்தாவிடில் கலவா. கலவாத இருவகையை இணைப்பிழையால் பிணைத்து, பின்னர் அவ்விழையை நொதியால் அறுத்தால் துளி பிளவுறும். நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் புணர்ச்சியைத் தீர்மானிப்பதுபோல, இங்கே முனையே நடத்தையைத் தீர்மானிக்கிறது.

இவ்விழைகளில் மரபுச் செய்தி எதுவும் இல்லை. ஆகவே 'மரபணுத் துளி' என்பது பிழை. 'செயற்கை உயிர்' என்பது அதனினும் பெரும்பிழை. இத்துளி உண்பதில்லை, தன்னைத்தானே படியெடுப்பதுமில்லை.

பெயர் சான்றை முந்தினால் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்கதை உண்டு. அலகாபாத் பல்கலைக்கழக வேதியியலாளர் கிருஷ்ண பகதூர், ஒளியில் வைத்த கரைசல்களில் தோன்றிய நுண்கோளங்களுக்கு 1960-களில் 'ஜீவாணு' என்று பெயரிட்டார். 1967-இல் நாசாவின் சார்பில் அவற்றை மதிப்பிட்ட இருவருள் ஒருவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பட்டம் பெற்றவர். ஜீவாணுவின் இயல்பு இன்னும் தெளிவுபட வேண்டும் என்ற அளவில் அம்மதிப்பீடு நின்றது. 'உயிரா, இல்லையா' என்ற வழக்கில், அக்கோளங்களின் வேதியியல் பின்தங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எழுத்துகளையே உயிர், மெய் எனப் பகுத்த மொழி நம்முடையது. அச்சொற்களை அளந்து வழங்கும் கடமை நமக்குக் கூடுதலாகவே உண்டு. 'டி.என்.ஏ. துளி' என்றே எழுதுவோம். எழுத்து வரிசையை மாற்றி ஒரு துளியைக் கூடவும் பிரியவும் செய்வதே பெரும் சாதனை. அதற்கு இரவல் உயிர் வேண்டியதில்லை.