ஜெர்மானிக்னா ரத்தம் இல்லை, மொழி

மாஸ்டர்ஸுக்கு ஜெர்மனி போகணும்னு ஏ1 கிளாஸ் சேர்ந்திருக்கும் மக்களே, ஒரு கேள்வி. இங்கிலீஷ் எந்தக் குடும்பத்து மொழி? 'லத்தீன்'னுதான் நானும் நினைச்சுட்டு இருந்தேன். இத்தனை வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச லட்சணம் அது!

ஜெர்மன் கிளாஸில் முதல் வாரமே சந்தேகம் வந்துடுச்சு. 'வாட்டர்' அங்கே 'வாஸர்'. 'ட்ரிங்க்' அங்கே 'ட்ரிங்கன்'. 'ஹவுஸ்' அங்கேயும் 'ஹவுஸ்'தான். லத்தீன், பிரெஞ்சு சொற்களை இங்கிலீஷ் ஏராளமாகக் கடன் வாங்கியிருக்கு. ஆனால் அதன் அடித்தளம் ஜெர்மானிக். டச்சு, ஸ்வீடிஷ், ஐஸ்லாண்டிக் எல்லாம் அதே குடும்பம். ஜெர்மன் இவற்றுக்குத் தாய் இல்லை, இன்னொரு பிள்ளை. அவ்வளவுதான்.

சரி, 'ஜெர்மானிக் மக்கள்'னா யார்? அந்த மொழிகளைப் பேசிய பழைய இனக்குழுக்கள். அவங்க ஒரே நாடாக இருந்ததில்லை. அவங்க மொழியும் அப்படியே நிலைக்கவில்லை. பிரான்ஸுக்குப் பெயர் கொடுத்த பிராங்குகள் பேசியது ஜெர்மானிக் மொழி. ஆனால் இன்றைய பிரெஞ்சு, லத்தீனின் வாரிசு.

இந்தப் பெயரை ரத்தத்தோடு முடிச்சுப் போட்டால் என்ன ஆகும்? நாஜிகள் அதைத்தான் செய்தார்கள். 'எங்கள் ரத்தம்தான் உசத்தி' என்று சொல்லி சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் மொழி இத்திஷ். ஹீப்ரு எழுத்தில் எழுதப்படும் அந்த இத்திஷும் ஒரு ஜெர்மானிக் மொழி!

அதனால, யாராவது ஒரு மொழிக்குடும்பத்தின் பெயரைச் சொல்லி 'இது எங்க ரத்தம்'னு பேசினால், கைதட்டறதுக்கு முன்னாடி இத்திஷை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.