டியூஷனுக்குத் தர மாட்டேன்: ஆயக்குடிக்கு ஒரு திறந்த மடல்

ஆயக்குடியில் இருக்கிற பெரியவர்களுக்கு, சித்தப்பா சித்திமார்களுக்கு, மதினிமார்களுக்கு, என்னோடு படித்தவர்களுக்கு,

ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த கோரிக்கையைப் படித்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்கால டியூஷன் சென்டர் ஒன்று ஆரம்பிக்கிறீர்கள். வாடகைக்கும் சம்பளத்துக்கும் வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் மாதாமாதம் கொஞ்சம் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் உடனே கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். நான் ஒன்றும் எழுதாததால் சிங்கப்பூர்க்காரிக்குக் கை வரவில்லை என்று பேச்சு கிளம்பியிருக்கிறதாம். பணம் தருகிறேன். டியூஷனுக்குத் தர மாட்டேன். இதைக் குழுவில் இரண்டு வரியில் போட்டால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை சண்டைதான் நடக்கும். அதனால் நீட்டியே எழுதுகிறேன்.

அந்தக் கோரிக்கைக்குக் கீழே ஒரு அண்ணன் எழுதியிருந்தார்: சிங்கப்பூரில் எல்லாப் பிள்ளைகளும் டியூஷன் போய்த்தானே முன்னுக்கு வந்தார்கள், நம் பிள்ளைகள் மட்டும் என்ன குறைச்சல் என்று. அண்ணா, டியூஷன் போவது உண்மை. 2023-இல் இந்த ஊர்க் குடும்பங்கள் டியூஷனுக்குச் செலவழித்தது 180 கோடி சிங்கப்பூர் வெள்ளி. அதற்கு ஐந்து வருஷம் முன்பு எடுத்த கணக்கில் 140 கோடி. எங்கள் பிளாக்கில் ராத்திரி ஒன்பது மணிக்கு லிஃப்ட் ஏறினால் முதுகில் பையோடு ஏதாவது ஒரு பிள்ளை தூங்கி வழிந்துகொண்டு நிற்கும். ஆறாம் வகுப்பு முடிவில் எழுதுகிற பி.எஸ்.எல்.இ. தேர்வுதான் எந்த உயர்நிலைப் பள்ளி என்று தீர்மானிக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நம் ஊர் பிளஸ் டூ மாதிரி ஒரு பரீட்சை. அம்மாக்கள் அதற்காக வேலையில் லீவு போடுகிறார்கள்.

ஆனால் அந்த அண்ணனுக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் அரசாங்கமே பத்து வருஷத்துக்கு மேலாகப் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது. 2012-இல் பி.எஸ்.எல்.இ.யில் முதலிடம் வாங்கிய பிள்ளையின் பெயரை அறிவிப்பதை நிறுத்தினார்கள். 2019-இலிருந்து ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தேர்வே கிடையாது. ரிப்போர்ட் புத்தகத்தில் வகுப்பில் எத்தனையாவது என்று போடுவதும் அதே வருஷம் நின்றது. 2021-இல் மதிப்பெண் முறையையே மாற்றினார்கள். அதுவரை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் ஒரு பிள்ளையின் கூட்டுப்புள்ளி வரும். இப்போது அவரவர் வாங்கியதற்கு ஒரு நிலை, ஒன்றிலிருந்து எட்டு வரை. 2023-க்குள் அரையாண்டுத் தேர்வும் போய்விட்டது.

இவ்வளவு செய்தும் டியூஷன் செலவு மேலேதான் போனது. பரீட்சையைக் குறைத்தால் டியூஷன் குறையும் என்று நினைத்தவர்களுக்கு இது புரியவில்லை. எனக்குப் புரிகிறது, எதிர்வீட்டுச் சீனத்துப் பெண் என்னிடம் அதை நேராகவே சொன்னாள். தன் பையன் படிக்க வேண்டும் என்று அவள் அனுப்பவில்லை. அவன் வகுப்பில் எல்லாரும் போகிறார்கள், அதனால் அனுப்புகிறாள். எல்லாரும் போனால் யாருக்கும் முந்தல் கிடையாது, யாரும் முதலில் நிறுத்தவும் முடியாது. தென்கொரியாவில் சோல் நகரத்தில் இந்தத் தனிப்பயிற்சிக் கூடங்களை ராத்திரி பத்து மணிக்கு மேல் நடத்தக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். சீனாவில் 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கு லாபத்துக்கு டியூஷன் நடத்துவதையே தடை செய்தார்கள். அது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தது. ஒருமுறை வந்துவிட்டால் அரசாங்கத்தாலேயே வெளியே அனுப்ப முடியாத விருந்தாளி அது. ஆயக்குடியில் நீங்கள் ஆரத்தி எடுத்துக் கூப்பிடப் போகிறீர்கள்.

நம் ஊரிலும் அரசாங்கம் ஒன்று சொல்லத்தான் செய்தது. 2017-இலிருந்து பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பது இல்லை. ஆனால் பழனி பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் ஊருக்கு வருகிற வழியில் மே மாசத்தில் எத்தனை ஃபிளக்ஸ்! எல்.கே.ஜி. பிள்ளைக்குப் பட்டமளிப்புத் தொப்பி போட்டு ஒன்று பார்த்தேன். சரி, அதை விடுங்கள்.

என் மகன் டியூஷன் போகிறானா என்று கேட்பீர்கள். போகிறான், வாரம் ஒருநாள், கணக்குக்கு மட்டும். ஐந்தாம் வகுப்பு. பின்னத்தில் திணறினான், எனக்கும் இந்த ஊர் முறையில் சொல்லித்தரத் தெரியவில்லை. இரண்டாம் வகுப்பு மகளை எந்த டியூஷனுக்கும் அனுப்பவில்லை, அனுப்பப்போவதும் இல்லை. தேவை இருக்கிற பிள்ளைக்குத் தேவையான பாடத்தில் ஒரு கை கொடுப்பது வேறு. ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள அத்தனை பிள்ளைகளையும் தினமும் சாயங்காலம் இரண்டரை மணி நேரம் உட்காரவைப்பது வேறு.

டியூஷனில் வராததும் ஒன்று உண்டு. இங்கே தமிழும் பரீட்சைப் பாடம். அதில் வாய்மொழித் தேர்வு உண்டு. திரையில் ஒரு காட்சியை ஓடவிட்டு, அதைப் பற்றி ஆசிரியரோடு பேசச் சொல்வார்கள். புத்தகத்தில் இருக்கிற பதில் அங்கே உதவாது. பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டும். என் மகனுக்குப் பேச்சு வந்தது ஆயக்குடியில், உங்கள் பிள்ளைகளோடு தெருவில் விளையாடியபோது. "நீ அழும்பு பண்றடா" என்று ஒருநாள் இங்கே வகுப்பில் சொல்லிவிட்டு, ஆசிரியைக்கு அர்த்தமும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தான். எந்த டியூஷன் சென்டரில் அது கிடைக்கும்?

இப்போது அது கிடைப்பதில்லை. எங்களுக்கு ஒரு லீவு ஜூனில். அப்போது அங்கே பள்ளிக்கூடம் திறந்துவிடும். பெரிய லீவு டிசம்பரில். அப்போது உங்களுக்கு அரையாண்டுப் பரீட்சை. ஆக என் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது சாயங்காலம் மட்டும்தான். போன தடவை வந்தபோது அந்தச் சாயங்காலமும் இல்லை. என் அண்ணன் மகன் காலையில் ஏழேகாலுக்கு வேனில் ஏறிப் பழனிக்குப் போனால் ஐந்து மணிக்குத் திரும்புகிறான். ஒரு டம்ளர் பால், உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு டியூஷன். ஏழரைக்கு வந்து சாப்பிடும்போதே கண் சொருகுகிறது. என் பிள்ளைகள் அம்மாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் படித்தபோது அந்த நேரத்தில் பம்பரமும் நொண்டியும் ஐஸ்பாயும் ஓடாத தெரு பழைய ஆயக்குடியிலும் கிடையாது, புது ஆயக்குடியிலும் கிடையாது. கொய்யாச் சீசனில் சந்தையில் கழித்துப் போட்ட காயைப் பொறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். (இங்கே மலேசியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் பெரிது பெரிதாக ஒரு கொய்யா வருகிறது. புளிப்பு பிளம் பொடியைத் தூவித் தருகிறார்கள். பொடி நன்றாக இருக்கிறது, பழத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.)

இதெல்லாம் வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவளின் ஊர் ஏக்கம் என்று யாராவது ஒதுக்கலாம். அதனால் உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன்.

ஊரில் இருந்தபோது மதினியிடம் கேட்டேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு டியூஷன் என்று. மதினி மில்லுக்குப் போகிறவர். "மார்க்குக்கா அனுப்புறேன்? நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டுருது, நான் வர ஏழு மணி ஆகுது. அது வரைக்கும் இந்தப் பிள்ளையை யாரு பாக்குறது? சும்மா விட்டா செல்லை நோண்டிக்கிட்டுக் கெடக்கும், இல்லாட்டி ரோட்டுல நிக்கும். பைபாஸ்ல வண்டி வர்ற வேகம் உனக்குத் தெரியாதா?" என்றார். அப்புறம் விசாரித்துப் பார்த்தால் முக்கால்வாசி வீட்டில் இதே பதில்தான். முன்னே தோட்ட வேலைக்குப் போன அம்மாக்கள் விடியும் முன்னே காய் பறிக்கப் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். இப்போது கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர்கள் இருட்டித்தான் வருகிறார்கள். பாட்டி தாத்தா பக்கத்துத் தெருவில் இருந்த காலமும் போய்க்கொண்டிருக்கிறது.

ஆக உங்களுக்கு உண்மையில் வேண்டியது சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழு வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு இடமும் நம்பிக்கையான ஆளும். அதற்கு டியூஷன் என்று பெயர் போட்டதும் வினாத்தாளும் பிரம்பும் தானாக வந்து சேர்ந்துவிடுகின்றன. சிங்கப்பூரைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: இங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தனி ஏற்பாடு. ஸ்டூடண்ட் கேர் என்று பெயர். ஏழு வயதிலிருந்து பதினாலு வயது வரை சேர்க்கலாம். தொடக்கப்பள்ளி வளாகத்திலேயே நடக்கிறது. பள்ளி மத்தியானமே விட்டுவிடுவதால், பிள்ளை அங்கே போய்ச் சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி, விளையாடிக்கொண்டிருக்கும். அம்மா அப்பா வேலை முடிந்து கூட்டிப் போவார்கள். வருமானம் குறைந்த வீடுகளுக்கு அரசாங்கம் கட்டணத்தில் உதவுகிறது. என் மகள் இருப்பது அதில்தான்.

பிள்ளைக்கு உண்மையில் என்ன தேவை என்று பார்த்துச் செய்வது நம் மாநிலத்துக்கும் தெரியாத விஷயம் இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு பிள்ளைகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். மறு வருஷம் ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது போனது. காலையின் பிரச்சினை பசி, அதற்குச் சோறு போட்டார்கள். சாயங்காலத்தின் பிரச்சினை ஆள் இல்லாமை. அதற்குப் பக்கத்தில் வந்தது 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவில் விட்டுப்போன படிப்புக்காக, எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை, அந்தந்தத் தெருவில் இருக்கிற படித்த பெண்களே சாயங்காலம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உட்காரவைத்தார்கள். பாட்டு, கதை, விளையாட்டு. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஆயிரம் ரூபாய் என்பது அநியாயக் குறைச்சல். ஆனால் தெருப் பெண்களால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு இனிமேல் யாரும் அத்தாட்சி கேட்க வேண்டாம்.

இன்னொரு வாதமும் வரும், தெரியும். ஆயக்குடி என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரிவது கொய்யாவுக்கும், மக்கள் மன்றத்தின் இலவசப் பயிற்சிக்கும்தானே. சனி ஞாயிறு எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து மரத்தடியில் தரையில் உட்கார்ந்து அரசு வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறார்களே. சின்ன வயதிலேயே ஆரம்பித்தால் நம் பிள்ளைகள் முந்திக்கொள்ள மாட்டார்களா என்று. அங்கே வருகிறவர்கள் தங்களுக்கு வேலை வேண்டும் என்று தாங்களே முடிவு செய்து வருகிறவர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. அந்தக் குரூப் ஃபோர் தேர்விலேயே இருநூறு கேள்விகளில் நூறு தமிழ், பத்தாம் வகுப்புத் தரத்தில். அங்கே திணறுகிறவர்கள் பெரும்பாலும் தடையில்லாமல் வாசிக்கப் பழகாதவர்கள். எட்டு வயதில் கதைப்புத்தகத்தை எழுத்துக்கூட்டாமல் படிக்கிற பிள்ளைக்கு, இருபத்தி இரண்டு வயதில் அந்த மரத்தடியில் வேலை பாதியாகக் குறையும். நோட்ஸை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பிள்ளைக்கு அது நடக்காது.

அதனால் நான் எதற்குப் பணம் தருவேன் என்று சொல்லிவிடுகிறேன். நாலரையிலிருந்து ஏழு வரை திறந்திருக்கிற ஒரு கூடம், முன்னால் கொஞ்சம் காலி இடம். வந்ததும் பிள்ளைகளுக்குச் சுண்டலோ அவித்த கடலையோ கொய்யாவோ. வீட்டுப்பாடம் இருந்தால் அரை மணி நேரம் எழுதட்டும். மிச்ச நேரம் விளையாட்டு, இருட்டினதும் கதைப்புத்தகம். டெஸ்ட் கிடையாது, மார்க் பலகை கிடையாது. ஆங்கில மீடியத்துப் பிள்ளை, அரசுப் பள்ளிப் பிள்ளை என்று தனித்தனியாக உட்காரவைக்கக் கூடாது. பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், ஊர்க்காரர்களாகவே. அவர்களுக்குச் சம்பளம், ஊக்கத்தொகை அல்ல. கழிப்பறைக்குக் கதவும் தண்ணீரும் இருக்க வேண்டும். இது இல்லாமல் பெண் பிள்ளைகளை யாரும் அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது.

இடம் எங்கே என்பதில்தான் ஊர் இரண்டாகும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் படி ஏறி வரக்கூடிய இடமாகப் பாருங்கள். யாருடைய வீட்டுத் திண்ணையும் வேண்டாம், யாருடைய கோயில் மண்டபமும் வேண்டாம். ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே பாத்திரத்துச் சுண்டலை எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுகிற இடமாக இல்லையென்றால் என் பணம் வராது. இதில் நான் பேரம் பேச மாட்டேன்.

பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சந்தேகம் தீர்த்துவைக்கத் தனியாக ஏதாவது நடத்தினால் அதற்கும் கொடுக்கிறேன். அது அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை வேண்டாம்.

குழுவில் கட்டைவிரல் காட்டின துபாய்க்காரர்களும் திருப்பூர்க்காரர்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, திசையை மாற்றச் சொல்கிறேன். மதினிமார்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். கோரிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்த அத்தனை பேரும் ஆண்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று வேலை இடத்திலிருந்து போன் போட்டுக் கேட்பது யார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர்களில் இரண்டு பேராவது இதை நடத்துகிற கமிட்டியில் இருக்கட்டும்.

பதிலைக் குழுவில் போட வேண்டாம், என் அண்ணன் நம்பருக்குச் சொல்லுங்கள். என்னிடமே பேசுவதென்றால், உங்களுக்கு நாலரை ஆகும்போது எனக்கு ஏழு மணி, வேலை முடிந்து வந்திருப்பேன், போன் எடுப்பேன். வரவு செலவைக் கூடத்துச் சுவரில் மாதாமாதம் ஒட்டினால் போதும், எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். இடமும், பார்த்துக்கொள்ளும் இரண்டு பேரும், சுண்டல் அவிக்க ஒத்துக்கொள்கிற ஆளும் முடிவானால் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் ஊர்ப் பெண்