நடை தூரத்தில் யார் இருப்பார்கள்?

சோழிங்கநல்லூரில் இரண்டு மெட்ரோ பாதைகள் சந்திக்கப் போகின்றன. ஒன்று, மாதவரத்திலிருந்து மயிலாப்பூர், அடையாறு வழியாக சிறுசேரி சிப்காட் போகும் மூன்றாவது வழித்தடம். இன்னொன்று, அதே மாதவரத்திலிருந்து கோயம்பேடு, மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று சுற்றி வரும் ஐந்தாவது வழித்தடம். இரண்டு பாதைகள் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. உயரமான கட்டடங்கள் வரும். கீழே கடை, மேலே அலுவலகம், அதற்கும் மேலே வீடு. அகலமான நடைபாதை, மர நிழல், சைக்கிள் நிறுத்தம். வீட்டிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ரயில். நகரத் திட்டமிடுபவர்கள் இதை டி.ஓ.டி. என்கிறார்கள். ரயில் நிலையத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் நெருக்கமாக நகரம் கட்டுவது என்பதுதான் இதன் பொருள்.

இந்த யோசனையை நாம் எதிர்க்கவில்லை. நடந்தும் பஸ் பிடித்தும் வேலைக்குப் போகிறவர்களில் நம் மக்கள்தான் அதிகம். மேம்பாலத்துக்குக் கோடிகளைக் கொட்டும் அரசு நடைபாதைக்கும் ரயிலுக்கும் செலவு செய்தால் அது நமக்கு லாபம். கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் என்ன பதில் சொன்னார் என்பதும் நமக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரியாத நெரிசலில், சாதி கேட்காமல் டீ தரும் கடையில் ஒரு விடுதலை இருக்கிறது. நெருக்கமான நகரம் நமக்குப் பகையில்லை. அந்த நெருக்கத்தில் நமக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி.

சென்னையின் வரைபடத்தில் சோழிங்கநல்லூர் சந்திப்பில் காம்பஸ் முனையை வையுங்கள். ஒன்றிய அரசு 2017-ல் வெளியிட்ட டி.ஓ.டி. கொள்கை, நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை உள்ள பகுதியைத்தான் நடை தூரம் என்று கணக்கிடுகிறது. அந்த வட்டத்தைப் போடுங்கள். இப்போது காம்பஸை இன்னும் கொஞ்சம் விரித்து, சில கிலோமீட்டருக்கு ஒரு பெரிய வட்டம் போடுங்கள். கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். நாட்டின் மிகப் பெரிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் சில இவை. கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் யார் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவர்கள் அங்கே விரும்பிப் போகவில்லை. 2000-ஐ ஒட்டி கண்ணகி நகர் தொடங்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை மக்களில் பலர் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்கள் பெரும்பாக்கத்துக்கு லாரிகளில் ஏற்றப்பட்டார்கள். கூவம் சீரமைப்பின் பெயரால் சத்தியவாணி முத்து நகரை 2019 இறுதியில் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இடம் சென்னை சென்ட்ரலிலிருந்து நடை தூரம். தமிழ்நாட்டின் மிகப் பெரிய ரயில் நிலையம், புறநகர் ரயில், மெட்ரோ, மாநகரப் பேருந்து எல்லாம் அங்கே உண்டு. பக்கத்திலேயே அரசுப் பொது மருத்துவமனை. டி.ஓ.டி. பாடப் புத்தகத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஏழை மக்கள் யாருடைய திட்டமும் இல்லாமல், தங்கள் உழைப்பால் அந்த நடை தூரத்தைக் கண்டுபிடித்து வாழ்ந்தார்கள். தாழ்த்தப்பட்டோருக்காகத் தனிக் கட்சியே கண்ட சத்தியவாணி முத்துவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவர்களை அங்கிருந்து 25 கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தது அரசு.

பெரும்பாக்கத்தைப் பாருங்கள். தரைத்தளமும் அதற்கு மேல் ஏழு மாடிகளுமாக வரிசை வரிசையாகக் கட்டடங்கள். இதைவிட அடர்த்தி வேண்டுமா? டி.ஓ.டி. கேட்கும் அடர்த்தியை நம் மக்கள் தலையில் எப்போதோ ஏற்றிவிட்டார்கள். அடர்த்தியோடு வரவேண்டிய ரயிலும் வேலையும் கல்லூரியும் மட்டும் வரவில்லை. களப்பணிக்காக நாங்கள் அங்கே போகும்போதெல்லாம் பார்ப்பது ஒரே காட்சிதான். விடியும் முன்பே பெண்கள் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்கள். வீட்டு வேலை பழைய பகுதியில்தான் இருக்கிறது. போகவர மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் ஏழாவது மாடிக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஏறவேண்டும். கல்வியாண்டின் நடுவில் இடம் மாற்றப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளியை விட்டு நின்றார்கள் என்று அந்த மாடிப்படிகளில் உட்கார்ந்து கேட்டால் தெரியும்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குப் பஸ் நிறுத்தம் எங்கே இருக்கும் என்று தெரியும். ஊரில் இருக்கும். காலனி அதற்கு அப்பால் இருக்கும். பஸ் ஏற ஊர்த் தெரு வழியாக நடக்கவேண்டும். நிழற்குடையில் யார் உட்காரலாம், யார் நிற்கவேண்டும் என்பதற்கு எழுதாத சட்டம் இருக்கும். கோயில், கடை, பள்ளி, ரேஷன் எல்லாம் ஊருக்கு நடை தூரம். ஊர் என்பதே சாதிக்காரர்களுக்காக மிகக் கவனமாகத் திட்டமிடப்பட்ட ஒரு நடை தூர நகரம்தான். சேரி அந்த வட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. நகரத்தில் அதே காம்பஸ், கிலோமீட்டர் மட்டும் கூடியிருக்கிறது.

இப்போது ரயில் நம்மைத் தேடி வருகிறது. நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் ரயில் வந்தால் நிலத்துக்கு என்ன நடக்கும் என்பதையும் பார்க்கவேண்டும்.

எஃப்.எஸ்.ஐ. என்ற சொல்லை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ளவேண்டும். மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டடம் எழுப்பலாம் என்பதுதான் அது. தமிழ்நாட்டில் 2019 கட்டட விதிகள் அடிப்படை எஃப்.எஸ்.ஐ.-யை 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி இருந்தால் 4,800 சதுர அடி கட்டலாம். அகலமான சாலையோரம் என்றால் அரசுக்குக் கட்டணம் செலுத்தி இன்னும் கூடுதலாகக் கட்டலாம். அதற்குப் பெயர் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. நிலையத்தின் அருகே இந்த அளவைக் கூட்டிக்கொடுப்பதுதான் டி.ஓ.டி.யின் அச்சாணி. யோசித்துப் பாருங்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கடனாக வாங்கினாலும் அது மக்கள் பணம். பெரும்பாக்கத்தில் சோப்பு வாங்கும் பெண் கட்டும் வரியும் அதில் இருக்கிறது. அந்தப் பணத்தில் ரயில் வருகிறது, நில விலை ஏறுகிறது, கூடுதல் மாடிக்கு அனுமதி கிடைக்கிறது. லாபம் நிலம் வைத்திருப்பவருக்கு. நிலம் யாரிடம் இருக்கிறது என்பதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டாம்.

ஏழைகளுக்கு ஒன்றுமே இல்லையா? சட்டத்தில் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் குடியிருப்பு கட்டினால் 10 சதவீத இடத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு ஒதுக்கவேண்டும் என்பது 2008-ல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்திலேயே இருந்த விதி. ஆனால் அதே மனையில் தரவேண்டியதில்லை, 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் எங்காவது தரலாம் என்று ஒரு சலுகையும் கூடவே இருந்தது. நடை தூரம் 800 மீட்டர், சலுகை 2 கிலோமீட்டர். கதவு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று புரிகிறதா? இப்போது தங்குமிட நிதிக்கென்று கட்டுமான நிறுவனங்களிடம் கட்டணமும் வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணம் நிலையத்தைச் சுற்றிய வட்டத்துக்குள் வீடாக மாறவேண்டும் என்ற நிபந்தனை இல்லாதவரை, அது இன்னொரு பெரும்பாக்கம் கட்டத்தான் போகும். ஒன்றிய அரசின் டி.ஓ.டி. கொள்கை, நிலையத்தைச் சுற்றி அனுமதிக்கப்படும் கட்டடப் பரப்பில் 30 சதவீதம்போல் மலிவு விலை வீடுகளுக்கு வைக்கலாம் என்று சொல்கிறது. இது பரிந்துரைதான். அதைக் கட்டாயமாக்குவது நம் போராட்டத்தின் வேலை.

வீடு வந்தால் மட்டும் போதாது. வாடகைக்குப் போய் நின்ற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. எந்த ஊர் என்பார்கள். சொன்னால், அந்த ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். பிறகு, நாங்க சைவம் என்பார்கள். சட்டையும் சம்பளச் சீட்டும் சரியாக இருந்தும் முன்பணம் மட்டும் வாங்க மாட்டார்கள். சந்தையின் கையில் விடப்பட்ட நடை தூர நகரம் இந்தக் கேள்விகளோடுதான் நம்மை வரவேற்கும். நிலையத்துக்குப் பக்கத்தில் அரசே கட்டி அரசே வாடகைக்கு விடும் வீடுகள் வேண்டும். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் பாழடைந்து கிடக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகள் ரயில் நிலையத்தின் பக்கத்தில் வரட்டும். முதல் தலைமுறைக் கல்லூரி மாணவிக்கு இரவு எட்டு மணி நூலகம் என்பது அப்போதுதான் சாத்தியம்.

நடப்பவர்களுக்கான சாலை என்றதும் முதலில் அப்புறப்படுத்தப்படுவது நடைபாதையில் பிழைப்பவர்கள்தான். தியாகராய நகர் பாண்டி பஜாரில் சாலையோரக் கடைக்காரர்கள் 2013-ல் ஒரு மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டார்கள். அதே சாலை 2019-ல் அழகான நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. நடக்கிறவர்களுக்குச் சாலை கிடைத்தது, ஆனால் அங்கே நின்று விற்றவர்களுக்கு அந்தச் சாலையில் இடமில்லை. இத்தனைக்கும் 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் தெளிவாக இருக்கிறது. கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம் தரவேண்டும். சோழிங்கநல்லூரில் நிலையம் திறந்த பிறகு இதைக் கேட்டால் தாமதம்.

நம்மை மிகவும் உறுத்தும் கேள்வி இது: பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் இருப்பவர்களில் பலர் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணைதான், கிரையப் பத்திரம் இல்லை. நேற்று வரை யாரும் சீந்தாத இடம் நாளை மெட்ரோவுக்குப் பக்கத்து இடமாகிவிடும். கட்டடம் பழுது, மறுகட்டுமானம் என்று சொல்லி நம் மக்களை இன்னும் தள்ளி அனுப்ப எவ்வளவு நாளாகும்? ஆற்றங்கரையில் இருந்தபோது ஆக்கிரமிப்பாளர் என்றார்கள். அரசே கொண்டுவந்து வைத்த இடத்தில் என்ன பெயர் சொல்லப் போகிறார்கள்?

இந்தத் தென்புறநகர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலம் என்பதையும் மறக்கக் கூடாது. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நில ஒதுக்கீடு பிறந்தது. பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். மெட்ரோ பாதையோரம் நிலம் திரட்டும் முன்பு எந்த சர்வே எண் பஞ்சமி என்று பழைய ஆவணங்களைப் பார்த்து வெளியிடுங்கள் என்று கேட்பது அவர்களுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

ஆகவே நாம் கேட்பது இவை:

1. நிலையத்தைச் சுற்றி 800 மீட்டருக்குள் கட்டப்படும் கூடுதல் பரப்பில் 30 சதவீதம் குறைந்த வருமானத்தினருக்கு. பணம் கட்டி விலகும் வழி கூடாது. அந்த ஒதுக்கீட்டுக்குள் பட்டியல் சாதியினருக்குத் தனிப் பங்கு.

2. ரயில் ஓடத் தொடங்கும் முன்பே மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் பெண்கள் பெயரில் கிரையப் பத்திரம்.

3. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகரின் உள்ளே போய் நிலையத்துக்கு வரும் சாதாரணக் கட்டணப் பேருந்து. 2021 மே முதல் பெண்களுக்கு அந்தப் பேருந்தில் கட்டணமில்லை. மெட்ரோவில் உண்டு. இணைப்பு என்ற பெயரில் ஷேர் ஆட்டோவுக்குக் காசு பிடுங்காதீர்கள்.

4. நிலைய வேலைகளுக்கு முன் தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பு, பஞ்சமி நிலப் பட்டியல்.

தோழர்களே, சென்னைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரைக்குமானது. இன்று கல்லூரியில் இருக்கும் நீங்கள் நாற்பது வயதைத் தாண்டும்வரை எங்கே குடியிருப்பீர்கள், வேலைக்கு எவ்வளவு தூரம் போவீர்கள் என்பதை அது முடிவு செய்யும். திட்டத்தின் மீது மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்டாகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வரைவுகளைப் படிப்பவர்களில் நாம் மிகக் குறைவு. பத்துப் பேர் சேர்ந்து ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சுற்றி நடந்து பாருங்கள். யார் குடியிருக்கிறார்கள், யார் கடை போட்டிருக்கிறார்கள், காலனியிலிருந்து நிலைய வாசலுக்கு எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி அனுப்புங்கள். அந்தத் தாளோடு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போங்கள்.

ஊரின் வரைபடத்தைப் போட்டபோது நம்மை யாரும் கேட்கவில்லை. இந்த வரைபடம் இன்னும் முடியவில்லை.

ஜெய் பீம்.