நாள் பார்த்துக் கொடுக்கும் மஞ்சள் நோட்டீஸ்

கடன் மிகுந்து வழி தெரியாமல் தவிக்கும் அங்கத்தினர் சிலரிடையே ஒரு யோசனை உலவி வருகிறது. "வருமான வரி ரீபண்டு வரவேண்டியிருக்கிறது. அதை வாங்கிக்கொண்ட பிறகு ஐ. பி. மனுப் போடலாம். முந்திப் போட்டால் அந்தப் பணமும் கடன் கொடுத்தவர்களுக்குப் போய்விடும்" என்பது அந்த யோசனை. வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, "இப்பொழுதே மனுப் போட்டுவிட்டால், பின்னால் வருகிற பணம் நம்முடையதாகிவிடும்" என்கிறார்கள். இரண்டும் தவறு என்பது நமது கருத்து. சட்டத்தைப் பார்த்தாலும் தவறு. ஜாமீன் கையெழுத்துப் போட்ட தோழரை நினைத்தாலும் தவறு. அது எவ்வாறு என்பதை விவரமாக எடுத்துரைப்பது நமது கடமையாகும்.

நெய்வேலியைச் சுற்றியுள்ள நமக்கு இவ்விஷயம் மிகவும் நெருங்கியது. 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டு, 1957 மே மாதம் 20-ஆம் தேதி பிரதமர் நேரு அவர்கள் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த நாள் முதல், மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளம் என்பது இவ்வட்டாரத்தில் ஒரு பெரும் சொத்தாகிவிட்டது. கழகத்தின் பெயர் 2016-இல் என். எல். சி. இந்தியா என்று மாறியது. சம்பளச் சீட்டின் மதிப்பு மாறவில்லை. மழையையும் முந்திரிப் பூவையும் நம்பியிருக்கும் பண்ணுருட்டி விவசாயிக்கும், லுங்கி நெய்து கூலி பெறும் குறிஞ்சிப்பாடி நெசவாளிக்கும் கடன் தேவைப்படும் சமயத்தில் முதலில் நினைவுக்கு வருபவர், டவுன்ஷிப்பில் உத்தியோகம் பார்க்கும் அண்ணனோ மைத்துனரோதான். அவருடைய சம்பளச் சீட்டைக் காட்டியே பல குடும்பங்களின் கடன் நடக்கிறது. அவர் வாங்கும் கடனுக்கோ உடன் வேலை செய்யும் தோழர்கள் ஜாமீன். ஆகவே அவர் ஒருவர் 'மஞ்சள் நோட்டீஸ்' கொடுத்தால், அது ஒருவரோடு நிற்பதில்லை.

முதலில் ரீபண்டு என்பது என்ன என்று பார்ப்போம். அது சர்க்கார் அளிக்கும் வெகுமதியன்று. நம்மிடம் அதிகமாகப் பிடிக்கப்பட்ட வரியே திரும்பி வருகிறது. ஊதிய ஒப்பந்தத்தின் பாக்கித் தொகை ஒரே தவணையில் வரும் ஆண்டில், வரியும் மொத்தமாகப் பிடிக்கப்படுகிறது. முன் ஆண்டுகளுக்கு உரிய பாக்கி என்று காட்டி, அதற்குரிய படிவத்தைத் தாக்கல் செய்தால் வரி குறைவதற்குச் சட்டத்தில் நிவாரணம் உண்டு. லாரி வைத்தோ ஆள் வைத்தோ ஒப்பந்த வேலை செய்யும் தனி நபருக்குப் பில் தொகையில் 1 விழுக்காடு பிடிக்கிறார்கள். ஆண்டின் வருமானம் வரி வரம்புக்கு உட்பட்டிருந்தால் அதுவும் திரும்பக் கிடைக்கும். கணக்குத் தாக்கல் செய்தபின், பெங்களூரிலுள்ள மையத்தில் சரிபார்க்கப்பட்டு, தொகை வங்கிக் கணக்கில் சேர்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் கைக்கு வருவதற்கு முன்பே அதன்மீது நமக்கு உரிமை ஏற்பட்டுவிடுகிறது. பிறர் நமக்குத் தரவேண்டிய கடன் எவ்வாறு நம் சொத்தோ, அவ்வாறே வரவேண்டிய ரீபண்டும் சொத்துதான்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டமும், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண இன்சால்வென்சி சட்டமும் ஏற்பட்டன. 2016-இல் புதிய திவால் சட்டக் கோவை இயற்றப்பட்டதாயினும், தனி மனிதர்களைப் பற்றிய அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகையால் நெய்வேலித் தொழிலாளி மனுப் போடுவது 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்தான். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அல்லது டிக்கிரியின் பேரில் அவர் கைதாகியிருக்க வேண்டும், இல்லையேல் சொத்து ஜப்தியில் இருக்க வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒன்றுடன், கடனைத் தீர்க்க இயலாத நிலையும் இருந்தால் மனுச் செய்யலாம்.

அச்சட்டத்தின் 28-ஆவது பிரிவே நமது கேள்விக்கு விடை. இன்சால்வென்ட் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், மனுதாரரின் சொத்து முழுவதும் நீதிமன்றத்தையோ ரிசீவரையோ சார்ந்து, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடத் தக்கதாகிறது. தீர்ப்பு எந்தத் தேதியில் வந்தாலும், அது மனுத் தாக்கலான தேதியிலிருந்தே செல்லும். அது மட்டுமன்று. தீர்ப்புக்குப் பின்னும், விடுதலை உத்தரவு கிடைப்பதற்கு முன்னும் மனுதாரருக்கு வந்து சேரும் சொத்தும் உடனே ரிசீவரைச் சேர்ந்துவிடும். இதன் கருத்து வெளிப்படை. மனுவுக்கு முன் உரிமையான ரீபண்டு மனுதாரரின் சொத்துக் கணக்கில் சேர வேண்டியது. மனுவுக்குப் பின் உரிமையானாலும், விடுதலைக்கு முன் வந்தால் அதுவும் ரிசீவரைச் சேர வேண்டியதே. மனுவை முந்திப் போட்டாலும் பிந்திப் போட்டாலும், நாள் பார்த்ததால் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை.

அப்படியானால் இந்த யோசனை எங்கிருந்து வந்தது? அமெரிக்க நாட்டில் இதற்கு இடம் உண்டு. அங்கே 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாவது அத்தியாயப்படி மனுச் செய்பவர், மனுவுக்குப் பின் உழைத்துச் சம்பாதிக்கும் ஊதியத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாம். மனுவுக்கு முன் கழிந்த காலத்திற்குரிய ரீபண்டு மட்டும் டிரஸ்டியைச் சேரும். ஆகவே ஆண்டின் எந்த மாதத்தில் மனுப் போடுவது என்பது அங்கே மெய்யாகவே பணத்தைப் பற்றிய கேள்வி. அந்த நாட்டு யோசனையைக் கேட்டு இந்த நாட்டு நீதிமன்றத்திற்குப் போவது, அடுத்த ஊர்ப் பாசனத்தைப் பார்த்து நம் வயலுக்கு மடை திறப்பது போலாகும்.

"ரீபண்டு வந்ததும் செலவழித்துவிட்டு, பிறகு மனுப் போட்டால் என்ன?" என்று கேட்பவர் உண்டு. செலவு எது என்பதைப் பொறுத்தது பதில். அரிசிக்கும் மருந்துக்கும் பள்ளிச் சம்பளத்திற்கும் செலவழித்ததை எவரும் குற்றமாகச் சொல்ல மாட்டார். ரசீதுகளை வைத்துக்கொண்டால் போதும். ஆனால் அந்தப் பணத்தில் நகை வாங்கி மனைவிக்கோ மகளுக்கோ தானமாக எழுதி வைத்தால், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போடப்பட்டுத் தீர்ப்பாகுமானால், 53-ஆவது பிரிவின்படி அது ரத்துச் செய்யப்படலாம். கடன் கொடுத்தவர்களில் மைத்துனருக்கு மட்டும் சலுகை காட்டும் எண்ணத்துடன் முழுவதும் கொடுத்துவிட்டு, மூன்று மாதங்களுக்குள் மனு வந்தால், 54-ஆவது பிரிவு அதையும் செல்லாததாக்குகிறது. சொத்தை மறைத்தல், கணக்கை மோசமான எண்ணத்துடன் ஒளித்தல் ஆகியவற்றிற்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. பான் எண்ணோடு இணைந்த கணக்கில் வந்து சேரும் ரீபண்டை மறைப்பது எவ்வளவு எளிது என்பதை அங்கத்தினர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

வேறொரு சங்கதியும் உண்டு. பழைய வரி பாக்கி இருந்தால், வருமான வரி இலாகா உரிய அறிவிப்புக் கொடுத்து ரீபண்டை அதில் ஈடு செய்துகொள்ள முடியும். பணம் சேரும் வங்கியிலேயே தவணை தவறிய கடன் இருக்குமானால், அவ்வங்கியும் ஈடுசெய்யும் உரிமையைக் கொண்டாடலாம். எண்ணி வைத்த தொகை கைக்கே வராமல் போவதும் நடக்கக்கூடியதுதான். அதற்காகக் காத்திருக்கும் மாதங்களிலோ வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது.

ரீபண்டையே பார்த்துக்கொண்டிருப்பவர், சட்டம் தமக்கு விட்டுக்கொடுத்திருக்கும் பெரிய விஷயங்களைக் காணத் தவறிவிடுகிறார். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, கைவினைஞரின் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. நெசவாளியின் தறியும் அச்சும் கடனுக்காகப் பறிக்கப்பட வேண்டியவை அல்ல. விவசாயியின் ஏர்க் கருவிகளும், பிழைப்புக்கு அவசியமென்று நீதிமன்றம் கருதும் மாடுகளும் விதைத் தானியமும் அப்படியே. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும், ஜீவனாம்சம் அல்லாத டிக்கிரிகளுக்கு எட்டாதவை. தொழிலாளர் சேமநல நிதியின்மேல் ரிசீவருக்கு எவ்வித உரிமையும் இல்லையென்று அதற்குரிய சட்டமே கூறுகிறது. கிராஜுவிட்டிக்கும் ஜப்தியிலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு. இத்தனை விலக்குகளும் இருக்க, அப்பட்டியலில் பெயர் இல்லாத ரீபண்டுக்காகப் பொய்க் கணக்கு எழுதி, நீதிமன்றத்தின் நம்பிக்கையை இழப்பது எத்தகைய வியாபாரம்?

அங்கத்தினர்கள் மிகவும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது ஜாமீன்தாரரைப் பற்றி. 44-ஆவது பிரிவின்படி, விடுதலை உத்தரவு கடன்பட்டவரைப் பெரும்பாலான கடன்களிலிருந்து விடுவிக்கிறது. சர்க்காருக்குரிய கடனையும், மோசடியால் ஏற்பட்ட கடனையும் விடுவிப்பதில்லை. அவருக்காக ஜாமீன் நின்றவரையும் அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டவரையும் அந்த உத்தரவு ஒருபோதும் விடுவிப்பதில்லை. கடன்பட்டவர் விலகிக்கொள்ள, பாக்கியெல்லாம் ஜாமீன் நின்ற தோழரின் சம்பளத்தில் வந்து விழும். ரீபண்டு நேர்மையாகக் கணக்கில் வந்து பங்கிடப்பட்டால், கடன் அந்த அளவு குறையும்; ஜாமீன்தாரரின் சுமையும் குறையும். ரீபண்டை ஒளிப்பவர், வங்கியை ஏமாற்றியதாக எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் தம் பக்கத்து வீட்டுக்காரரின் சட்டைப் பையிலிருந்து எடுக்கிறார்.

மற்றொரு குற்றமும் சொல்ல வேண்டும். பலர் மனுப் போடுவதையே முடிவாகக் கருதிவிடுகின்றனர். நீதிமன்றம் குறித்த காலத்திற்குள் விடுதலைக்கு விண்ணப்பிக்காவிட்டால், தீர்ப்பு ரத்தாகிக் கடன்கள் பழையபடி தலைதூக்கும். விண்ணப்பித்தவர்களுக்கும் நடத்தை பார்த்தே விடுதலை கிடைக்கிறது.

நாம் திவால் சட்டத்தையே பழிப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். அது ஏழைக்கு இரங்கி ஏற்பட்ட சட்டம். வெறும் வறுமைக்காக ஒருவரைக் கடன் சிறையில் அடைக்கலாகாது என்று 1980-இல், கொச்சி வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில், நீதிபதி கிருஷ்ணய்யர் அவர்கள் தீர்ப்பெழுதினார். கந்து வட்டிக்காரர்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. "மீட்டர் வட்டிக்காரனுக்கு என் பிள்ளைகளின் பணத்தைக் கொடுப்பதா?" என்று கேட்பவரின் வேதனை நியாயமானது. அந்த வட்டியை எதிர்க்க அந்தச் சட்டம் இருக்கிறது. அதற்கு ரீபண்டை மறைக்க வேண்டியதில்லை. மெய்யாகவே தீர்க்க வழியற்றவர் மனுச் செய்வதில் அவமானம் ஏதும் இல்லை. செய்வதானால், வரவேண்டிய ரீபண்டையும் சொத்துப் பட்டியலில் எழுதி, கணக்கைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். தீர்ப்புக்குப் பிறகும் சமரசத்திற்கு வழி உண்டு. கடனை நிரூபித்து, நேரிலோ வக்கீல் மூலமோ கூடியவர்களில் எண்ணிக்கையில் பெரும்பாலோரும், தொகையில் நான்கில் மூன்று பங்கினரும் சம்மதித்தால், ஓர் ஏற்பாட்டை நீதிமன்றத்தின் அங்கீகாரத்திற்கு வைக்கலாம். அத்தகைய ஏற்பாட்டுக்கு ரீபண்டைப் போன்ற ரொக்கம் நல்ல முதலாகும்.

"அப்படியானால் ரீபண்டைச் சங்கக் கடனுக்கே முதலில் கட்டிவிடுகிறேன்" என்று விசுவாசமுள்ள அங்கத்தினர் கூறலாம். மனுச் செய்யும் உத்தேசம் இல்லாதவர் தாராளமாகக் கட்டலாம். வட்டி மிகுந்த கடனை முதலில் அடைப்பது இன்னும் நல்லது. மனுவை மனத்தில் வைத்துக்கொண்டு நமக்கு மட்டும் கட்டுவாரானால், மேலே கூறிய 54-ஆவது பிரிவு நமது சங்கத்திற்கும் பொருந்தும். பிறருக்கு ஆகாத சலுகையை நாமும் கேட்கலாகாது.

1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் தோன்றியதே, லேவாதேவிக்காரரிடம் சிக்கிய குடியானவரும் தொழிலாளியும் தம்முள் ஒருவரையொருவர் நம்பிக் கடன் பெற வேண்டும் என்பதற்காகத்தான். அந்த நம்பிக்கையே நமது மூலதனம். ஆகவே கடன் கழுத்தை நெரிக்கும் அங்கத்தினர், மனு எழுதுபவரிடம் போவதற்கு முன்பாகத் தமக்காகக் கையெழுத்திட்ட ஜாமீன்தாரரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அடுத்தபடியாக, சங்க நிர்வாகக் குழுவிடம் தவணையை மாற்றியமைக்க விண்ணப்பிக்க வேண்டும். நிர்வாகக் குழுவினரும், முதல் தவணை தவறும்போதே அவரை அழைத்து அன்போடு விசாரிக்க வேண்டும். ஆறாவது தவணை தவறியபின் நோட்டீஸ் அனுப்புவது நிர்வாகம் ஆகாது. ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வருபவரிடம் அவருடைய மற்றக் கடன்களின் கணக்கைக் கேட்பதும் மரியாதைக் குறைவன்று என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் உணர வேண்டும்.

ரீபண்டு வருகிற நாள் வரட்டும்; வந்த அன்றே அது கணக்கில் ஏறட்டும். கடன்பட்டவருக்கும் அவருக்காகக் கையெழுத்திட்டவருக்கும் அதைவிட நல்ல நாள் வேறில்லை.